மடல்களில் வளர்ந்த நாடகம்

சென்ற ஆண்டு நம் கல்லூரி முத்தமிழ் விழாவில் அரங்கேற்றலாம் என்ற ஆசையில் நானும் என் வகுப்புத் தோழன் ஒருவனும் ஒரு கவிதை நாடகம் எழுதத் தொடங்கினோம். பாரி மகளிர் கதை. மூன்று காட்சிகள் முடிந்து நான்காம் காட்சி பாதியில் நின்றபோது தோழனின் தந்தையார் படுக்கையில் விழுந்தார். குடும்பத்தின் மூத்த பிள்ளை அவன். படிப்பை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குச் சென்றுவிட்டான். நாடகம் எழுதிய நோட்டு என் பெட்டிக்குள் போயிற்று. தனியே எழுதி முடித்துவிடலாம் என்று பலமுறை உட்கார்ந்தேன். ஒரு வரி ஓடவில்லை.

இதை எங்கள் ஆங்கிலத்துறைப் பேராசிரியர் ஒருவரிடம் சொல்லிப் புலம்பினேன். அவர் ஆறுதல் ஏதும் சொல்லவில்லை. நூலகத்துக்குப் போய் ஷில்லரும் கதேயும் எழுதிக்கொண்ட மடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தேடிப் படி என்று மட்டும் சொன்னார். அட்டை கிழிந்து, நூல் பிரிந்து, கடைசி அடுக்கில் தூசி படிந்து கிடந்தது அந்தப் புத்தகம். எடுத்த நாள் முதல் ஷில்லர் என்னை விடவில்லை. அவரைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

பிரீட்ரிக் ஷில்லர் 1759ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் செருமானிய நாட்டின் வூர்ட்டம்பர்க் பகுதியில், நெக்கார் ஆற்றங்கரையிலுள்ள மார்பாக் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை படையில் காயங்களுக்குக் கட்டுப் போடும் மருத்துவராக இருந்து பின் அதிகாரியாக உயர்ந்தவர். சமயக் கல்வி கற்றுத் திருச்சபைப் பணிக்குச் செல்ல வேண்டும் என்பது சிறுவனின் விருப்பம். ஆனால் நாட்டை ஆண்ட கார்ல் ஆய்கன் கோமகனின் விருப்பம் வேறு. தாம் நடத்திய படைப் பள்ளிக்குப் பையனை அனுப்புமாறு ஆணையிட்டார். படையில் ஊழியம் செய்யும் தந்தையால் மறுக்க முடியுமா? பதின்மூன்று வயதில் உள்ளே சென்ற ஷில்லர் வெளியே வந்தது ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கழித்துத்தான். சீருடை, மணியோசை, அணிவகுப்பு! பெற்றோரைக் காணவும் கட்டுப்பாடு. முதலில் சட்டம் படிக்க வைத்தார்கள், பிறகு மருத்துவம். அவரோ இரவில் ஒளிந்து ஒளிந்து நாடகம் எழுதினார்.

அந்த நாடகம்தான் கொள்ளையர். கடன் வாங்கி 1781இல் தாமே அச்சிட்டார். 1782 சனவரி 13இல் மான்ஹைம் நகரில் அது மேடையேறியபோது அரங்கமே அதிர்ந்தது. படை மருத்துவராக வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியரோ விடுப்புக் கேட்காமல் களவாகச் சென்று தம் நாடகத்தைக் கண்டு திரும்பினார். இரண்டாம் முறை அவ்வாறே எல்லை தாண்டியது தெரிந்துவிட்டது. பதினான்கு நாள் காவல். இனி மருத்துவ நூல் தவிர வேறெதுவும் எழுதக் கூடாது என்று கோமகனின் கட்டளை. எழுதாதே என்றால் எழுதுகிறவன் என்ன செய்வான்? 1782 செப்டம்பர் 22 இரவு, விருந்தினராக வந்திருந்த உருசிய இளவரசருக்காக அரண்மனை விழாக் கோலம் பூண்டிருந்த வேளையில், ஷில்லர் ஊரைவிட்டே ஓடினார். உடன் சென்றவர் ஆந்திரேயாஸ் ஷ்ட்ரைக்கர் என்னும் இளம் இசைக் கலைஞர். ஆம்பர்க் நகரில் இசை பயிலச் சேர்த்து வைத்திருந்த பணம் முழுவதையும் நண்பனின் வழிச்செலவுக்குக் கொடுத்தவர் அவர். இலக்கிய வரலாறுகளில் இவருக்கு ஒரு வரிக்கு மேல் இடம் கிடைப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

அதன் பின் வறுமை, கடன், காய்ச்சல். 1784இல் முன்பின் அறியாத நால்வரிடமிருந்து ஒரு பொதி வந்தது. பாராட்டு மடல்கள், அவர்களுடைய உருவப் படங்கள், பூவேலை செய்த ஒரு பணப்பை! மறுமொழி எழுத ஷில்லருக்கு அரையாண்டு ஆயிற்று. ஆயினும் அந்த மடல் அவர் வாழ்வைத் திருப்பியது. நால்வருள் ஒருவரான கோர்னர் அவரை 1785இல் லைப்சிக் நகருக்கு அழைத்துப் பேணினார். அந்த நட்பின் களிப்பில் பிறந்ததே மகிழ்ச்சிப் பாடல். 1824இல் பேத்தோவன் தம் ஒன்பதாம் சிம்பொனியில் அதை இசையாக்கினார்.

இனி மற்றவர். கதே ஷில்லரைவிடப் பத்து வயது மூத்தவர். செல்வக் குடியில் பிறந்தவர், வைமர் அரசில் அமைச்சர், இருபத்தைந்து வயதிலேயே ஐரோப்பாவெங்கும் புகழ் பெற்றவர். 1788 செப்டம்பரில் ருடோல்ஷ்டாட் என்ற ஊரில் இருவரும் முதன்முதல் சந்தித்தனர். ஒன்றும் நிகழவில்லை. கொள்ளையர் போன்ற கொந்தளிப்பான எழுத்து அப்போது கதேக்குப் பிடிக்கவில்லை. ஷில்லருக்கோ கதேயின் மேல் வெறுப்பும் காதலும் கலந்த ஓர் உணர்வு. தாம் ஒவ்வொரு காசுக்கும் மல்லாட, இவருக்கு மட்டும் ஊழ் எல்லாவற்றையும் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டதே என்ற ஆற்றாமையைக் கோர்னருக்கு எழுதிய மடல்களில் அவர் மறைக்கவில்லை. நம்மில் யாருக்குத்தான் அந்த ஆற்றாமை வந்ததில்லை!

ஆனாலும் யேனா பல்கலைக்கழகத்தில் ஷில்லருக்குப் பேராசிரியர் பதவி கிடைக்கக் கதேதான் உதவினார். தொடக்கத்தில் ஊதியம் இல்லாத பதவி அது. 1789 மே 26 அன்று ஷில்லரின் முதல் வரலாற்று விரிவுரை. மாணவர் கூட்டம் அறைக்குள் அடங்கவில்லை. பெரிய மண்டபத்துக்கு இடத்தை மாற்றியதும் இடம் பிடிக்க மாணவர்கள் தெருவில் ஓடிய ஓட்டத்தைக் கண்டு எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று ஊர் மக்கள் அஞ்சினார்களாம். விரிவுரைக்காக மாணவர் ஓடிய காலமும் ஒன்று இருந்திருக்கிறது! மறு ஆண்டு சார்லோட்டை மணந்தார். 1791 தொடக்கத்தில் நுரையீரலைப் பிடித்தது நோய். அது முற்றிலும் நீங்கவே இல்லை. இறந்துவிட்டார் என்ற பொய்ச் செய்தி டென்மார்க் வரை பரவியது. அங்கே அவரைப் போற்றக் கூடியவர்கள் இரங்கற் கூட்டமே நடத்திவிட்டார்கள். உயிரோடிருக்கிறார் என்று பின்னர் தெரிந்ததும் அந்நாட்டுப் பெருமக்கள் இருவர் ஆண்டுக்கு ஆயிரம் தாலர் வீதம் மூன்றாண்டுகளுக்குப் பொருளுதவி அளித்தனர்.

1794 சூலை மாதம் யேனாவில் இயற்கை ஆய்வுக் கழகத்தின் கூட்டம் ஒன்று நடந்தது. முடிந்து வெளியே வரும்போது இருவரும் தற்செயலாகச் சேர்ந்து நடந்தனர். இயற்கையை இப்படித் துண்டு துண்டாக வெட்டிக் காட்டினால் கேட்பவனுக்கு என்ன விளங்கும் என்றார் ஷில்லர். கதே திடுக்கிட்டார், ஏனெனில் அவர் எண்ணமும் அதுவே. பேச்சு ஷில்லரின் வீட்டுக்குள்ளும் தொடர்ந்தது. எல்லாச் செடிகளுக்கும் மூலமான ஒரு செடி உண்டு என்று சொல்லிக் கதே அதைத் தாளில் வரைந்தும் காட்டினார். ஷில்லர் தலையசைத்தார். இது கண்ணால் கண்டது அன்று, கருத்து என்றார். கதேக்குச் சினம் வந்தது. ஆனால் எழுந்து போகவில்லை. அடுத்த மாதம் ஷில்லர் ஒரு நீண்ட மடல் எழுதினார். கதேயின் மனம் எவ்வாறு இயங்குகிறது, எங்கிருந்து தொடங்கி எங்கே செல்கிறது என்று அவருக்கே கண்ணாடி பிடித்துக் காட்டிய மடல் அது. நாற்பத்தைந்தாம் பிறந்தநாளை ஒட்டி அது கதேயின் கையில் கிடைத்தது. உடனே வீட்டுக்கு வந்து தங்குமாறு அழைத்தார். ஷில்லரின் மறுமொழியைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இரவெல்லாம் வலியில் விழித்திருந்து காலையில் தூங்குபவன் நான், எந்த வேளைக்கும் என்னை எதிர்பார்க்க வேண்டாம், உங்கள் வீட்டில் நோயாளியாக இருக்கும் உரிமையை மட்டும் கொடுங்கள் என்று வேண்டியிருந்தார். இரண்டு வாரம் தங்கினார்.

யேனாவுக்கும் வைமருக்கும் இடையே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். நம் ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்வரும் தொலைவு. அந்த இருபது கிலோமீட்டர் மட்டும் இல்லையென்றால் நமக்கு இந்த மடல்கள் கிடைத்திருக்கமாட்டா. பதினோர் ஆண்டுகளில் ஏறத்தாழ ஆயிரம் மடல்கள்! கூடை சுமந்து இரண்டு ஊருக்கும் இடையே நடந்த தூதுப் பெண்கள் அவற்றில் பலவற்றைக் கொண்டு சேர்த்தனர். மற்றொரு செய்தி: இத்தனை நெருங்கிய பின்பும் இருவரும் கடைசி வரை ஒருவரையொருவர் நீங்கள் என்றே அழைத்தனர். நீ என்ற சொல் அவர்களிடையே வரவே இல்லை.

இனி அந்த நாடகத்துக்கு வருகிறேன். முப்பதாண்டுப் போரின் (1618–1648) வரலாற்றை ஷில்லர் முன்பே எழுதியிருந்தார். அதில் வந்த படைத்தலைவன் வாலன்ஸ்டைன் அவர் மனத்தில் தங்கிவிட்டான். பேரரசருக்காகப் படை திரட்டி, பேரரசரையே மிஞ்சும் வலிமை பெற்று, பகைவருடன் இரகசியமாகப் பேசத் தொடங்கி, 1634இல் ஏகர் நகரில் தன் ஆட்களாலேயே கொல்லப்பட்டவன். 1796இல் எழுத உட்கார்ந்த ஷில்லர் திணறிப் போனார். கதைத் தலைவனிடம் அவருக்கு அன்பு சுரக்கவில்லை. தன்னலக்காரன், தயங்குபவன், உயர்ந்தவன் என்றும் சொல்ல இயலாதவன். கதையின் உயிர்நாடியான படையையோ மேடையில் நிறுத்த முடியாது. இந்தத் தொல்லைகளையெல்லாம் ஒளிக்காமல் கதேக்கு எழுதினார். புகழ் பெற்ற கவிஞர் ஒருவர், எனக்கு எழுத வரவில்லை என்று இன்னொரு கவிஞரிடம் ஒப்புக்கொள்வது எளிதன்று.

முதலில் உரைநடையில்தான் எழுதினார். 1797 நவம்பரில் செய்யுளுக்கு மாற்றினார். மாற்றியதும் வியப்பான ஒன்றைக் கண்டுபிடித்தார். உரைநடையில் பொருத்தமாக இருந்த நிகழ்ச்சிகள் பல செய்யுளில் நிற்கவில்லை. ஓசை மாறியதும் கதையும் மாற வேண்டியதாயிற்று. கவிதையாக இருக்க வேண்டியது எதுவும் ஓசையோடுதான் இருக்க வேண்டும் என்று கதே ஊக்கினார். நம் மனோன்மணீயத்தைப் போல நாடகமும் செய்யுளும் ஒன்றான படைப்பு வகை அது. வாலன்ஸ்டைனுக்கு நாடகக் கவிதை என்றே ஷில்லர் பெயர் சூட்டினார்.

எழுத எழுத நாடகம் வீங்கியது. ஓர் இரவில் நடித்து முடிக்க முடியாத அளவுக்குப் போயிற்று. 1798 செப்டம்பரில் கதேயுடன் கலந்து பேசிய பின் அதை மூன்றாகப் பிரித்தார். படை மேடையில் நிற்காது என்ற பழைய தொல்லைக்கும் அதிலேயே வழி பிறந்தது. முதற்பகுதி முழுவதும் வெறும் பாசறை. தலைவன் மேடைக்கே வருவதில்லை. சிப்பாய்களும் குடியானவரும் கடைக்காரியும் பேசும் பேச்சிலேயே அவன் பேருருவம் எழுகிறது. பாசறையின் தொடக்கத்துக்குக் கதே ஒரு படைவீரர் பாட்டு எழுதி அனுப்பினார், ஷில்லர் அதில் மேலும் அடிகள் சேர்த்தார். துறவி ஒருவன் வீரர்களை ஏசிச் சொற்பொழிவாற்றும் காட்சி வேண்டியிருந்தது. அரங்கேற்றத்துக்கோ சில நாட்களே இருந்தன. ஆபிரகாம் சாந்தா கிளாரா என்ற பழைய பாதிரியாரின் நூலொன்றைக் கதே அனுப்பிவைத்தார். அதன் நடையைப் பிடித்துக்கொண்டு ஷில்லர் விரைவிலேயே அந்தச் சொற்பொழிவை எழுதி முடித்தார். வாலன்ஸ்டைன் இறந்து பத்தாண்டுக்குப் பின் பிறந்தவர் அந்தப் பாதிரியார்! நாடகத்தில் அது யாருக்கும் உறுத்தவில்லை. 1798 அக்டோபர் 12 அன்று, புதுப்பிக்கப்பட்ட வைமர் அரங்கம் வாலன்ஸ்டைனின் பாசறையோடு திறக்கப்பட்டது. அரங்கப் பொறுப்பு கதேயுடையது.

எனக்கு மிகவும் பிடித்த மடல்கள் அந்த ஆண்டு டிசம்பரில் எழுதப்பட்டவை. வாலன்ஸ்டைன் சோதிடத்தில் பித்துக் கொண்டவன். வானியல் அறிஞர் கெப்ளரே 1608இல் அவனுக்குச் சாதகம் கணித்துக் கொடுத்திருக்கிறார். ஷில்லருக்குச் சோதிடத்தில் நம்பிக்கை இல்லை. அதை வைத்துக் காட்சி அமைத்தால் படித்தவர்கள் நகைப்பார்களோ என்ற அச்சம். ஆகவே ஒரே எழுத்து ஐந்து முறை வரும் மறைமொழி ஒன்றை நம்பித் தலைவன் முடிவெடுப்பதாக எழுதிப் பார்த்தார். பிடிக்கிறதா இல்லையா என்று கதேயைக் கேட்டார். கதே சில நாள் எண்ணிப் பார்த்துவிட்டு மறுத்தார். எழுத்து விளையாட்டு ஏட்டறிவின் வறட்டு மூடநம்பிக்கை. சோதிடமோ அப்படியன்று. இந்தப் பேருலகம் முழுதும் ஒன்றோடொன்று பின்னியது என்ற மங்கலான உணர்விலிருந்து எழுவது. கோள்கள் பயிரையும் பருவத்தையும் ஆள்வதைக் காணும் மனிதன், அவை தன் வாழ்வையும் ஆளுமோ என்று எண்ணுவது இயற்கையே. அதில் பிழை இருந்தாலும் பெருமை உண்டு. இதுவே கதே எழுதியதன் சாரம். ஷில்லர் உடனே ஏற்றார். மறைமொழி போயிற்று, சோதிடக் கோபுரக் காட்சி வந்தது. வியாழனும் வெள்ளியும் கூடும் வேளைக்காகக் காத்திருந்து காத்திருந்து காரியத்தைக் கோட்டைவிடும் தலைவனை அதில் காண்கிறோம். சாதகக் கட்டைப் பார்க்காமல் பெண் பார்க்கப் புறப்படாத நமக்கு அந்தக் காட்சி அன்னியமாகவே தோன்றாது.

1799 சனவரி 30இல் பிக்கோலோமினி, ஏப்ரல் 20இல் வாலன்ஸ்டைனின் மரணம் என்று எஞ்சிய பகுதிகளும் மேடையேறின. மறு ஆண்டே இவ்விரண்டையும் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் மொழிபெயர்த்தார். அதை நான் படித்தேன். உண்மையைச் சொன்னால், பிக்கோலோமினியின் முன்பாதி எனக்குச் சலிப்பூட்டியது. மடல்களைப் படித்த பிறகு திரும்பப் படித்தபோதுதான் ஒவ்வொரு காட்சிக்கும் பின்னால் இருந்த போராட்டம் தெரிந்து சலிப்பு நீங்கியது.

கொடுத்தவர் கதே மட்டுமல்லர். ஃபாஸ்ட் நாடகத்தை 1790இல் அரைகுறையாக அச்சிட்டுவிட்டுக் கிடப்பில் போட்டிருந்தவர் அவர். 1797 சூன் 22 அன்று ஷில்லருக்கு எழுதினார்: தூக்கம் வராத ஓர் இரவில் இந்தக் கதையை நினைத்துப் பார்த்து, இதிலிருந்து நீங்கள் என்ன எதிர்பார்ப்பீர்கள் என்று சொல்லுங்கள் என வேண்டினார். தூங்காத இரவுகளுக்கு ஷில்லரிடம் பஞ்சமா? மறுநாளே மறுமொழி எழுதிவிட்டார். 1800இல் பதிப்பாளர் கோட்டாவுக்கும் எழுதி, நல்ல தொகை கொடுப்பதாகச் சொல்லிக் கதேயை எழுத வையுங்கள் என்று தூண்டினார். தமக்கு இரண்டாம் இளமையைத் தந்து, மறந்துபோன கவிஞரை மீட்டுக் கொடுத்தவர் ஷில்லரே என்று கதே மனமார எழுதியிருக்கிறார். ஃபாஸ்டின் முதற்பகுதி 1808இல் வெளிவந்தது. தூங்காத இரவில் அதை எண்ணிப் பார்த்தவர் அப்போது இல்லை.

1799 டிசம்பரில் ஷில்லர் வைமருக்கே குடிபெயர்ந்தார். தெரு தாண்டினால் நண்பர் வீடு. மடல்கள் துண்டுச் சீட்டுகளாகச் சுருங்கின. அவர்களுக்கு அது நல்லதுதான். படிக்கும் நமக்குத்தான் இழப்பு. அந்த ஆண்டுகளில் ஷில்லர் நோயோடு பந்தயம் ஓடினார். இரவில்தான் எழுத்து. மேசை இழுப்பறையில் அழுகிய ஆப்பிள்கள் இருக்கும், அந்த மணம் இருந்தால்தான் அவருக்கு எழுத வரும். ஒரு நாள் அங்கே போய் உட்கார்ந்த தமக்கு மயக்கமே வந்துவிட்டதென்று கதே பின்னாளில் சொல்லியிருக்கிறார். வில்லியம் டெல் கதையைக் காவியமாக்க நினைத்திருந்த கதே அதை ஷில்லருக்கு விட்டுக்கொடுத்தார். சுவிட்சர்லாந்தைக் கண்ணால் காணாமலே ஷில்லர் அதை நாடகமாக்கினார். 1804இல் அது மேடையேறியது.

1805 மே 9 அன்று ஷில்லர் மறைந்தார். வயது நாற்பத்தைந்து. உடலை அறுத்துப் பார்த்த மருத்துவர், இந்த நுரையீரலோடு இத்தனை நாள் எப்படி உயிர் வாழ்ந்தார் என்று வியந்தார். கதேயும் அப்போது நோயில் கிடந்தார். வீட்டார் செய்தியை அன்றிரவு அவரிடம் சொல்லவில்லை. அவர்கள் முகங்களைக் கண்டு அவரே உணர்ந்துகொண்டார்.

ஷில்லரின் மேசைமேல் தெமெத்ரியுஸ் என்ற நாடகம் பாதியில் கிடந்தது. தன்னை இளவரசன் என்று நம்பி உருசிய அரியணை ஏறிய ஒருவனின் கதை. அதன் அமைப்பு முழுவதும் கதேக்குத் தெரியும். இருவரும் பலமுறை பேசிய கதை. அதைத் தாமே எழுதி முடித்து, செருமானிய அரங்குகள் எல்லாவற்றிலும் ஒருசேர மேடையேற்றிவிட்டால், நண்பருடன் நடத்திய உரையாடல் சாவுக்குப் பின்பும் தொடரும் என்று கதே துடித்தார். ஃபாஸ்ட் எழுதிய கை! ஆனால் முடியவில்லை. முயன்று தோற்றுக் கைவிட்டார். அந்த நாட்களுக்குரிய நாட்குறிப்பின் வெற்றுத் தாள்களே தம் நிலையைக் காட்டுவன என்று பின்னர் எழுதினார். இந்த இடத்தைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டு நெடுநேரம் விடுதி மாடியில் உட்கார்ந்திருந்தேன்.

ஷில்லரின் உடல் நள்ளிரவில் ஒரு பொதுக் கல்லறை அறையில் வைக்கப்பட்டது. 1826இல் ஊர்த்தலைவர் அங்கே தேடி, கிடைத்த இருபத்து மூன்று மண்டையோடுகளில் பெரியது எதுவோ அதுவே ஷில்லருடையது என்று முடிவு கட்டினார். கதே அதைச் சில காலம் தம் வீட்டில் வைத்திருந்து கவிதையும் எழுதினார். 1827இல் அது அரச குடும்பக் கல்லறைக்குச் சென்றது. 1832இல் கதேயும் அதே இடத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 2008இல் மரபணு ஆய்வின் முடிவு வெளிவந்தது. அந்த எலும்புகள் ஷில்லருடையவை அல்ல! இன்று கதேயின் பக்கத்தில் இருப்பது வெறும் பேழை. மடல்களைக் கதேயே 1828, 1829 ஆண்டுகளில் ஆறு தொகுதிகளாக அச்சிட்டு வைத்தார். அவற்றில் ஷில்லரின் இருமல் கூடக் கேட்கிறது.

தேர்வு முடிந்ததும் நான்காம் காட்சியில் எழுதியவரை படியெடுத்துத் திருப்பூருக்கு அஞ்சலில் அனுப்பினேன். கைப்பேசியில் அனுப்பியிருக்கலாம், மனம் வரவில்லை. இரண்டு வாரம் மறுமொழி இல்லை. இரவு ஷிப்டில் வேலை என்று கேள்விப்பட்டிருந்ததால் நானும் எதிர்பார்க்கவில்லை. பிறகு ஒரு நாள் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாளில் நாலு வரி வந்தது. நான்காம் காட்சியைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. மூன்றாம் காட்சியில் அங்கவையும் சங்கவையும் கபிலரிடம்தானே பேசுகிறார்கள், தந்தையை இழந்த இரண்டு பெண்கள் தமக்குள் ஒரு சொல்லும் பேசிக்கொள்ளாதது ஏன் என்று கேட்டிருந்தான்.

மூன்றாம் காட்சியை முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.